பாறைக் கோளில் தண்ணீர் தங்க என்ன வேண்டும்? சூரியனிலிருந்து தூரம் மட்டும் போதுமா?

பாளை டீச்சர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். சூரியனுக்கு ரொம்பப் பக்கமும் இல்லாமல் ரொம்பத் தூரமும் இல்லாமல் பூமி இருப்பதால்தான் இங்கே தண்ணீர் திரவமாக இருக்கிறது என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "நிலாவும் அதே தூரத்துலதானே இருக்கு டீச்சர்? அங்க ஏன் ஆறும் குளமும் இல்ல?"

நிலா சின்னது, காற்றைப் பிடித்து வைக்க முடியாது என்று பதில் சொன்னேன். ஆனால் அவள் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி என்று தோன்றுகிறது. தூரம் ஒரு நிபந்தனைதான் என்றால் மீதி நிபந்தனைகள் என்னென்ன? எது முக்கியம், எது துணை? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாஞ்சோலைக்காரன்

டீச்சர், கெட்டிக்காரப் பிள்ளை. தூரம் சூட்டை மட்டும்தான் தீர்மானிக்கும். தண்ணீர் தண்ணீராக இருக்கச் சூட்டோடு அழுத்தமும் வேண்டும்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு இது அடுப்படியிலேயே தெரியும். மாஞ்சோலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,160 மீட்டர். அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலை தளதளவென்று கொதிக்கும், ஆனால் துவரம்பருப்பு வேகாது. அதே பருப்பைக் கீழே கல்லிடைக்குறிச்சியில் போட்டால் முன்னாடியே வெந்துவிடும். மேலே குக்கர் இல்லாமல் சமையல் நடக்காது.

இதையே இழுத்துக்கொண்டு போங்கள். காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே வரும். கடல் மட்டத்தில் நமக்கு 1,013 மில்லிபார். 6.1 மில்லிபாருக்கு வரும்போது கொதிநிலையும் உறைநிலையும் ஒன்றாகிவிடும், ரெண்டும் பூஜ்ஜியம் டிகிரிப் பக்கம். அதற்கும் கீழே போனால் திரவம் என்ற நிலையே கிடையாது. பனிக்கட்டி நேரடியாக ஆவியாகப் போய்விடும். நிலாவில் காற்றே இல்லை. அங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் கொதிக்கும், கொஞ்சம் உறையும், கடைசியில் எல்லாமே போய்விடும்.

வகுப்பில் காட்ட ஒரு வழி சொல்கிறேன். மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரைக் கால்வாசி உறிஞ்சி, உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளிவிட்டு, முனையை விரலால் இறுக்கி அடைத்து, தண்டைப் பலமாக வெளியே இழுங்கள். தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும். கையை விட்டால் அடங்கிவிடும். அடுப்பே வேண்டாம்.

நெல்லை மாணவன்

அண்ணாச்சி சொன்ன 6.1 மில்லிபாரை வைத்துச் செவ்வாயைப் பாருங்கள். அங்கே சராசரிக் காற்றழுத்தம் ஏறக்குறைய அதே 6 மில்லிபார், சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் மண்ணைத் தோண்டியபோது வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நான்கு நாளில் அவை காணாமல் போய்விட்டன. உருகி ஓடவில்லை, அப்படியே ஆவியாகிவிட்டன. அதை வைத்துத்தான் அது பனிக்கட்டி என்றே உறுதி செய்தார்கள்.

ஹெல்லாஸ் என்ற பெரும் பள்ளத்தின் அடியில் அழுத்தம் 12 மில்லிபார் வரை வரும். அங்கே கணக்குப்படி பூஜ்ஜியத்திலிருந்து 10 டிகிரி வரை தண்ணீர் திரவமாக இருக்க இடம் உண்டு. இருந்தாலும் காற்று அவ்வளவு வறண்டது என்பதால் நிலைக்காது.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரு காலத்தில் அங்கே ஆறு ஓடியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்செவெரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசீரோ பள்ளத்தில் கழிமுகம் படத்தில் அச்சாகத் தெரிகிறது. கிளை கிளையாகப் பிரிந்து வண்டல் கொட்டிய இடம். அப்படியென்றால் அப்போது காற்று கனமாக இருந்திருக்க வேண்டும். பிறகு அது எங்கே போனது?

வள்ளியூர் காற்றாலை

காந்தப்புலம் போனது, காற்றும் போனது. செவ்வாயின் உட்கரு ஆறிப்போய் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அதன் காந்தப்புலம் நின்றுவிட்டது. அதன்பிறகு சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள்கள், நேரே வந்து மோதி வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்துவிட்டது. 2014-இல் செவ்வாயை அடைந்த நாசாவின் மேவன் கலம் அதைத்தான் அளந்தது. இன்றைக்கும் விநாடிக்கு 100 கிராம் அளவு போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். சூரியன் இளசாக இருந்தபோது இதைவிட எத்தனையோ மடங்கு போயிருக்கும்.

அதனால் டீச்சர், பட்டியலில் காந்தப்புலத்தை மேலே எழுதுங்கள்.

பொதிகைப் பாறை

காற்றாலை அண்ணாச்சி, உங்கள் கருத்துக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. அதன் பெயர் வெள்ளி. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. செவ்வாயைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் அதன் வளிமண்டலம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல் கனம். காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று போய்விடும் என்றால் முதலில் போயிருக்க வேண்டியது அங்கேதான்.

செவ்வாய்க்குப் பெரிய குறை அதன் எடை. பூமியின் பத்தில் ஒரு பங்குதான். அதிலிருந்து ஒரு பொருள் தப்பிக்க விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும். பூமியில் 11.2 வேண்டும், வெள்ளியில் 10.4. சின்னது என்பதால் உள்சூடும் சீக்கிரம் தணிந்தது, எரிமலைகள் ஓய்ந்தன, போன காற்றை ஈடுகட்ட உள்ளிருந்து புதுக்காற்று வரவில்லை. காந்தப்புலம் நின்றதும் அதே ஆறிப்போனதன் இன்னொரு விளைவு. காற்று போனதும் காந்தப்புலம் நின்றதும் ஒரே காலத்தில் நடந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது.

அடுத்து, தண்ணீர் தண்ணீராகவே பறந்து போவது குறைவு. நீராவி மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, ஹைட்ரஜனாகத்தான் தப்பிக்கிறது. ஹைட்ரஜன் அவ்வளவு லேசு, பூமியின் ஈர்ப்பே அதைப் பிடிக்காது. இப்போதும் பூமியிலிருந்து விநாடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பூமியின் வயது முழுக்க இதே வேகத்தில் போனதாகக் கணக்குப் போட்டாலும் கடலில் 10 மீட்டர் அளவுதான் குறையும். கடலின் சராசரி ஆழமோ 3.7 கிலோமீட்டர்.

ஏன் இவ்வளவு குறைவு? ஐப்பசி மாதம் சாயங்காலம் பாபநாசத்தில் நின்று பொதிகைக்கு மேல் எழும் இடிமேகத்தைப் பாருங்கள். குமுறிக்கொண்டு மேலே போகும், ஓர் உயரத்துக்கு மேல் போகாமல் உச்சி தட்டையாகப் பக்கவாட்டில் பரவும். நம் ஊர் போன்ற வெப்ப மண்டலத்தில் அந்த உயரம் 16, 17 கிலோமீட்டர். அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரிக்கு வந்துவிடும். மேலே போகிற நீராவி எல்லாம் அங்கே பனித்துகளாக உறைந்து கீழே திரும்பிவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு நீராவி இருக்கலாம். அந்த எல்லைக்கு மேலே பத்து லட்சத்துக்கு நாலைந்து பங்குதான். குளிர்ப்பொறி என்று சொல்வார்கள். நம் கடலைக் காப்பாற்றி வைத்திருப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. வெள்ளியில் சூடு கூடியபோது இந்தப் பொறி வேலை செய்யவில்லை. நீராவி தடையில்லாமல் மேலே போனது, உடைந்தது, ஹைட்ரஜன் ஓடிவிட்டது. அதன் தடயம் இன்னும் இருக்கிறது: வெள்ளியின் காற்றில் கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை, டியூட்டீரியம்) விகிதம் பூமியைப்போல் நூறு மடங்குக்கு மேல். லேசானது போய்விட்டது, கனமானது தங்கிவிட்டது.

வள்ளியூர் காற்றாலை

வெள்ளியைச் சொன்னது சரி. ஆனால் வெள்ளி கனமான கோள், கார்பன் டை ஆக்சைடும் கனமான வாயு. செவ்வாய் மாதிரிச் சின்னக் கோளுக்குக் காந்தக் கவசம் இருந்திருந்தால் இன்னும் சில கோடி ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும் என்பதை நான் விடமாட்டேன். ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது.

பொதிகைப் பாறை

அந்த அளவுக்கு நானும் மறுக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஓயாத வாதம் அது. பிள்ளைகளிடம் சொல்லும்போது 'உதவலாம்' என்று சொல்லலாம், 'இல்லாவிட்டால் முடியாது' என்று சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

நெல்லை மாணவன்

இன்னொரு சந்தேகம். சூரியன் ஆரம்பத்தில் இப்போது இருப்பதைவிட 30 சதவீதம் மங்கலாக இருந்தது என்று படித்தேன். கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் 1972-இல் எழுதியது. இன்றைய சூரியனுக்கே, பசுமைக்குடில் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியாக இருந்திருக்கும், அந்த வாயுக்களால்தான் 15 டிகிரி. அப்போது 30 சதவீதம் குறைவு என்றால் கடல் முழுக்க உறைந்து கிடந்திருக்க வேண்டுமே? ஆனால் ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்த 440 கோடி ஆண்டு வயதான சிர்கான் என்ற கனிம மணிகளைப் பார்த்து, அப்போதே தண்ணீர் இருந்திருக்கிறது என்கிறார்கள். தூரம் மாறவில்லை, சூரியன் மாறிக்கொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் எப்படி விடாமல் இருந்தது?

பொதிகைப் பாறை

தம்பி, நான் எழுத நினைத்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மழைத்துளி காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு விழுகிறது. அதனால் மழைநீர் லேசான அமிலம். அது பொதிகையின் பாறைமேல் விழுகிறது. நம் மலை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்ற பாறை வகைகள். உடைத்துப் பார்த்தால் பச்சைகலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். அதில் ஃபெல்ட்ஸ்பார் என்ற சிலிக்கேட் கனிமம் நிறைய. அமில மழை அதை மெல்ல அரிக்கும்போது மூன்று காரியம் நடக்கிறது. பாறை களிமண் ஆகிறது. கால்சியம் முதலிய உப்புகள் தண்ணீரில் கரைகின்றன. காற்றிலிருந்து வந்த கார்பன், பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரோடு போகிறது.

மழை வெயிலுக்குப் பிறகு வெளுத்துப் பொடியும் பாறையை பாணதீர்த்தம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கையால் நிமிண்டினாலே உதிரும். அந்தக் களிமண்தான் குளங்களில் வந்து படிந்து, காருகுறிச்சியில் பானையாகிறது. கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் தாமிரபரணியோடு 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலுக்குப் போகின்றன. கடலில் சிப்பியும் சங்கும் பவளமும் நுண்ணுயிர்களும் அதை எடுத்து ஓடாகக் கட்டுகின்றன. செத்ததும் ஓடு அடியில் விழுந்து சுண்ணாம்புப் பாறையாகிறது. காற்றிலிருந்த கார்பன் பாறைக்குள் பூட்டப்பட்டுவிட்டது.

இது மட்டுமே நடந்தால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்து பூமி உறைந்துவிடும். ஆனால் கடலடித் தட்டுகள் பூமிக்குள் புதையும்போது அந்தச் சுண்ணாம்பும் உள்ளே போய், வெந்து, கார்பன் டை ஆக்சைடு எரிமலை வழியாகத் திரும்பவும் காற்றுக்கு வருகிறது.

இனிமேல்தான் விஷயம். பாறை அரிபடும் வேகம் சூட்டையும் மழையையும் பொறுத்தது. பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாக அரிபடும், கார்பன் டை ஆக்சைடு குறையும், பூமி குளிரும். பூமி குளிர்ந்தால் மழை குறையும், அரிப்பு மந்தமாகும், எரிமலை மட்டும் தன்பாட்டுக்கு வாயுவை விட்டுக்கொண்டிருக்கும், திரும்பச் சூடாகும். ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேஸ், ஜேம்ஸ் காஸ்டிங் மூவரும் 1981-இல் இதைக் கணக்கோடு எழுதினார்கள். இளஞ்சூரியன் மங்கலாக இருந்தபோது அரிப்பு குறைவு, அதனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி, அது குளிரை ஈடுகட்டியது. மீத்தேன் முதலியவையும் உதவியிருக்கலாம்.

சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமி ஏறக்குறைய முழுதுமே பனி மூடிப்போனது. பாறைமேல் மழை விழவில்லை, அரிப்பு நின்றது. எரிமலை விட்ட வாயு சேர்ந்து சேர்ந்து கடைசியில் பனியை உருக்கியது. பனி உருகியதும் அரிப்பு திரும்பத் தொடங்கியதன் அடையாளமாக, அந்தப் பனிக்காலப் படிவுகளுக்கு நேர்மேலேயே சுண்ணாம்பு அடுக்கு கிடப்பதைப் பல கண்டங்களில் காணலாம்.

ஆகவே டீச்சர், என் பதில்: தண்ணீர் நிலைத்து இருக்க, அது பாறைமேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் தண்ணீரே தான் உறையாமலும் கொதிக்காமலும் இருப்பதற்கான சூட்டைப் பராமரிக்கிறது. தூரம் அதற்கு இடம் கொடுக்கிறது, எடை அதற்குக் காற்றைக் கொடுக்கிறது. மீதி வேலையை ஆறு செய்கிறது. நான் கல்லைப் படித்தவன், ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஒரு நுணுக்கம்: தாழையூத்துப் பக்கம் இருக்கும் சுண்ணாம்புக்கல் கரைவது இந்தக் கணக்கில் சேராது. அது கரையும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன், கடலில் ஓடு உண்டாகும்போது அப்படியே காற்றுக்குத் திரும்பிவிடும். பொதிகையில் இருப்பது போன்ற சிலிக்கேட் பாறை அரிபட்டால்தான் லாபம்.

புன்னைக்காயல்

பாறைக்காரர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்துக் காளவாசல்தான் கண்ணில் வந்தது. கரையில் பொறுக்கின சிப்பியைக் கரியோடு அடுக்கி வைத்துச் சுடுவார்கள். அடுக்கும்போது இருந்த எடை வெந்த பிறகு இருக்காது, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மீதி எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக மேலே போய்விட்டது. வெந்த சிப்பியில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து பூத்து நீறாகும். அதைச் சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். எரிமலை செய்வது முதல் பாதி, கடல் செய்வது இரண்டாம் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா?

பொதிகைப் பாறை

தாராளமாக. வேதியியல் ஒன்றேதான், காலம்தான் வேறு. பூமியின் சுண்ணாம்புப் பாறை அத்தனையையும் ஒரே காளவாசலில் போட்டுச் சுட்டால், வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு வெள்ளியின் காற்றில் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு கோள்களிலும் கையிருப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அது கல்லுக்குள் இருக்கிறது, அங்கே காற்றில் இருக்கிறது. கல்லுக்குள் போகத் தண்ணீர் வேண்டும். வெள்ளியில் தண்ணீர் போன பிறகு பூட்ட வழியில்லை, அதனால் 464 டிகிரி.

செவ்வாயிலும் கொஞ்சம் பூட்டப்பட்டிருக்கிறது. கேல் பள்ளத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி துளைத்த பாறைகளில் இரும்புக் கார்பனேட் நல்ல அளவில் இருப்பதை 2025-இல் வெளியிட்டார்கள். நெல்லை மாணவன் கேட்ட காணாமற்போன காற்றில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே எரிமலை ஓய்ந்துவிட்டதால் திரும்பி வரவில்லை.

மாஞ்சோலைக்காரன்

ஒரு கேள்வி. பூமி தானே சூட்டைச் சரிசெய்துகொள்ளும் என்றால், இப்போது நாம் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாராவது கிளம்பிவிடுவார்களே?

பொதிகைப் பாறை

கிளம்பக் கூடாது அண்ணாச்சி. இந்த ஏற்பாடு வேலை செய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டம் வெள்ளத்தில் நின்றது. அப்படிப்பட்ட மழை அடிக்கடி வராமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிற நமக்கு இந்த அரிப்பு எந்த வகையிலும் உதவாது. கோளைக் காப்பாற்றும். நம்மைக் காப்பாற்ற அதற்கு நேரம் இல்லை.

பாளை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சிரிஞ்ச் சோதனையை வகுப்பில் செய்தோம். தண்டை இழுத்ததும் குமிழி வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் விடவே இல்லை, ஆளுக்கொரு தடவை. கேள்வி கேட்ட மாணவி, "அப்போ நிலாவுல தண்ணிய மூடி போட்டு வச்சா இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். காற்று செய்வது அந்த மூடியின் வேலையைத்தான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்னொரு பையன் டிராப்பிஸ்ட்-1 பற்றிக் கேட்டான். ஏழு கோள்களில் மூன்று சரியான தூரத்தில் என்று செய்தியில் வந்ததே, அங்கே தண்ணீர் இருக்குமா என்று. என்ன சொல்லட்டும்?

நெல்லை மாணவன்

டீச்சர், அது 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சின்னச் செங்குறு விண்மீன். 2017-இல் ஏழு கோள்களை அறிவித்தார்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி உள்ளே இருக்கும் இரண்டையும் அளந்தது. முதல் கோளில் சொல்லும்படி வளிமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை, இரண்டாவதில் வெள்ளி மாதிரிக் கனமான காற்று இல்லை. இரண்டுமே சரியான தூரத்துக்கு உள்ளே, சூட்டில் இருப்பவை, அதனால் வெளியே இருப்பவை பற்றி இப்போது தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வகை விண்மீன்கள் இளமையில் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஏராளமாகக் கொட்டும். பாறைக்காரர் சொன்ன ஹைட்ரஜன் கதை அங்கே மிக வேகமாக நடந்திருக்கும். 'சரியான தூரம்' என்று செய்தியில் வந்தால் சூடு பொருந்துகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாறைக்காரர் சாரிடம் எனக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. வெள்ளியில் எப்போதாவது கடல் இருந்ததா, இல்லையா?

பொதிகைப் பாறை

இரண்டு கணிப்புகள் உண்டு. வெள்ளி மெதுவாகச் சுற்றுவதால் பகல்பக்கம் கனத்த மேகம் கவிந்து வெயிலைத் திருப்பியடித்து, நெடுங்காலம் கடல் இருந்திருக்கலாம் என்று 2016-இல் மைக்கேல் வே குழு கணித்தது. அதற்கு நேர்மாறாக, ஆரம்பத்தில் இருந்த நீராவி இரவுப்பக்கம் மேகமாகித் தரையின் சூட்டைப் பொத்தி வைத்ததால் ஒருபோதும் மழையே பெய்யவில்லை, கடலே உண்டாகவில்லை என்று 2021-இல் மார்ட்டின் டர்பே குழு எழுதியது. இரண்டாவது சரியென்றால் வெள்ளி கடலை இழக்கவே இல்லை, அங்கே கடல் பிறக்கவே இல்லை. பாறையை அரிக்க ஒரு சொட்டு கூட விழவில்லை என்று ஆகும்.

எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. ஆனால் முடிவு சொல்ல அங்கே போய் அளக்க வேண்டும். நம் இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். நாசாவின் டாவின்சி கலம் வளிமண்டலத்துக்குள்ளேயே இறங்கி, நான் முன்னால் சொன்ன அந்தக் கன ஹைட்ரஜன் விகிதத்தை அடுக்கு அடுக்காக அளக்கத் திட்டம். அந்த எண்கள் வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.